பன்னிரண்டு வோல்ட் அறம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் வட்டாரத்துக் கிராமச் சாலைகளில் ஞாயிறு மாலை காரில் போகிறவர்கள் சில சமயம் தங்கள் காதையே நம்ப மாட்டார்கள். முன்னால் போவது குதிரை வண்டி. ஓட்டுகிறவனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். வீட்டில் மின் இணைப்பு கிடையாது, டிவி கிடையாது, ரேடியோ கிடையாது. ஆனால் வண்டிக்குள்ளிருந்து சாலை அதிர கன்ட்ரி மியூசிக் வருகிறது. இருக்கைக்கு அடியில் 12 வோல்ட் பேட்டரி, முன்பலகையில் கார் ஸ்டீரியோ, பின்பக்கம் ஸ்பீக்கர்கள்.

நவீன வசதிகள் பலவற்றை விலக்கி வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்களின் இளைஞர்கள் ஓட்டும் இந்த ஸ்டீரியோ வண்டிகள் அங்கே புதுச் செய்தி இல்லை. ஆமிஷ் சமூகத்தைப் பற்றி எழுதியவர்கள் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒன்று உறைக்கும்: குதிரைக்கு ஆல்டர்னேட்டர் இல்லை. காரில் எஞ்சின் ஓடும்வரை பேட்டரி தன்னால் நிரம்பிக்கொண்டே இருக்கும், பாட்டுக்குக் கணக்கு வேண்டாம். குதிரை எத்தனை மைல் ஓடினாலும் ஒரு துளி மின்சாரம் பேட்டரிக்குள் போகாது. பையன் கேட்கிற ஒவ்வொரு பாட்டும் ஏற்கெனவே நிரப்பி வைத்த கையிருப்பிலிருந்து கழிகிறது.

கேம்பர் வேனில் ஊர் சுற்றுகிறவர்களுக்கும் இதே நிலைதான், அவர்கள் வண்டி நிற்கும்போது. படுக்கை, அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்துக் கட்டிய வேன் அது. நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் ஜெனரேட்டர் உறும நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சாதாரணக் குடும்பங்கள் காட்டோரம், கடலோரம் நிறுத்தி நாள்கணக்கில் தங்குகிற வாகனம் அது. 1950இல் வோல்ஃப்ஸ்பர்கில் ஃபோக்ஸ்வாகன் வேன் உற்பத்தி தொடங்கியது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதில் படுக்கை வைத்துக் கொடுக்க ஆரம்பித்தது. அந்தக் காலத்து வேன்களில் இருந்ததே 6 வோல்ட் பேட்டரிதான். 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகே 12 வோல்ட் வந்தது. நிறுத்திய வேனில் இரவெல்லாம் பாட்டுக் கேட்டுவிட்டு, காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்காமல் டக் டக் என்று மட்டும் சத்தம் வரும் அனுபவம் அந்த வண்டிகளோடு கூடப் பிறந்தது.

இதற்குத் தீர்வு சொல்ல ஒரு நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் போதும், தத்துவவாதி தேவையில்லை. கார் ஸ்டீரியோவுக்குப் பின்னால் முக்கியமாக மூன்று வயர்கள். கறுப்பு வயர் எர்த். மஞ்சள் வயரில் எப்போதும் மின்சாரம் இருக்கும். கடிகாரத்தையும் நிலைய எண்களையும் செட் மறக்காமலிருக்க அது வேண்டும். சிவப்பு வயர் சாவி வழியாக வரும். சாவியை எடுத்தால் செட் தூங்கிவிடும். வேன்காரருக்கு நிறுத்திய வண்டியில் சாவி இல்லாமல் பாட்டு வேண்டும். அதனால் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி நேராக பேட்டரியில் கொடுத்துவிடுகிறார். பாட்டு வருகிறது. ஆனால் இப்போது செட் முழுதாகத் தூங்குவதே இல்லை. ஆம்ப்ளிஃபயரை எழுப்புகிற நீல வயரையும் இதே இடத்தில் சேர்த்துவிட்டால் அதுவும் விழித்தே கிடக்கும். யாரும் கேட்காத நேரத்தில் 50 மில்லி ஆம்பியர் வீதம் கசிந்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி, மாதத்துக்கு 36. நூறு ஆம்பியர் மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு பாட்டுகூடக் கேட்காமல் போய்விடும்.

முறையாகச் செய்ய வேண்டுமென்றால் வண்டியைக் கிளப்பும் பேட்டரியைத் தொடவே கூடாது. அதன் தகடுகள் மெல்லியவை. சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுத்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. ஆழமாக இறக்கினால் சில தடவைகளில் வீணாகிவிடும். பாட்டுக்கும் விளக்குக்கும் தனியாக இரண்டாவது பேட்டரி வைக்க வேண்டும். நம் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே இருக்கும் டியூபுலர் பேட்டரியைப் போலத் தடித்த தகடு கொண்டது, மெதுவாக இறங்கத் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிலே. எஞ்சின் ஓடி மின்னழுத்தம் 13.3 வோல்ட் அளவுக்கு ஏறினால் இரண்டையும் சேர்க்கும், 12.8க்குக் கீழே வந்தால் பிரித்துவிடும். சிவப்பு வயருக்குத் தனி சுவிட்ச், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃப்யூஸ், தடித்த வயர். ஈய பேட்டரியாக இருந்தால் நிரம்பியபோது 12.7 வோல்ட், பாதியில் ஏறத்தாழ 12.2. அதற்குக் கீழே அடிக்கடி போனால் தகட்டில் சல்ஃபேட் படிந்து பேட்டரியின் ஆயுள் குறையும். மிதமான சத்தத்தில் செட் இழுப்பது ஒன்று அல்லது இரண்டு ஆம்பியர்தான். எனவே ஸ்டீரியோ பெரிய குற்றவாளியும் இல்லை. ஆனால் பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்தால் கதை மாறும். வேகமாக உறிஞ்ச உறிஞ்ச பேட்டரி தன் மொத்தக் கொள்ளளவையே குறைத்துக் கொடுக்கும் என்பதை ஜெர்மானியரான வில்ஹெல்ம் பாய்க்கர்ட் 1897இலேயே சமன்பாடாக எழுதிவிட்டார்.

வேலை இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்து முடித்தவரிடம் ஒரு மாற்றம் தெரியும். பாட்டு போடும் முன் மீட்டரைப் பார்க்கிறார். நாளை வெயில் வருமா, ஃபிரிட்ஜ் எவ்வளவு எடுத்திருக்கும் என்று யோசிக்கிறார். வீட்டில் இருக்கும்போது அவர் இப்படி யோசித்ததே இல்லை. சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட் ‘போதும்’ என்று ஒருபோதும் சொல்லாது. இரண்டு மாதம் கழித்து வரும் மின்கட்டண ரசீதும் தொகையைத்தான் சொல்லும், எந்தப் பாட்டுக்கு எவ்வளவு என்று சொல்லாது. பேட்டரி வந்ததும் ஆசைக்கு ஓர் அளவு கண்முன்னே வந்து உட்கார்ந்துகொள்கிறது. சமயங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி ஒன்று அங்கே 12 வோல்ட்டில் எழுகிறது: போதும் என்று சொல்வது யார்? பொருளா, நானா, என்னைச் சுற்றியுள்ளவர்களா?

ஜெர்மனியின் ஃப்ரைபுர்கில் பிறந்து, அமெரிக்காவில் மொன்டானா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் தத்துவம் கற்பித்த ஆல்பர்ட் போர்க்மன், இந்தக் கேள்வியைச் சுற்றியே 1984இல் ஒரு புத்தகம் எழுதினார். நவீனக் கருவிகள் பயனை நம் கையில் கொடுக்கின்றன. அந்தப் பயன் எப்படி வருகிறது என்பதை மறைத்துவிடுகின்றன என்பது அவர் வாதம். விறகு அடுப்பு இருந்த வீட்டில் ஒருவர் மரம் வெட்டினார், ஒருவர் அடுக்கினார், ஒருவர் நெருப்பைக் காத்தார். குடும்பம் அதைச் சுற்றி உட்கார்ந்தது. வெப்பக் குழாய் வந்தபோது வெப்பம் மிஞ்சியது, அதைச் சுற்றியிருந்தவை எல்லாம் போய்விட்டன. அவர் எடுத்துக்காட்டும் கருவிகளில் ஸ்டீரியோவும் உண்டு. வாத்தியம் வாசிப்பவரின் விரலும் மூச்சும் வருடக்கணக்கான பயிற்சியும் இல்லாமலே இசை மட்டும் வந்து நிற்கிறது. வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவில், எந்தக் கடமையும் கேட்காமல்.

போர்க்மன் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. விறகு வெட்டிய கை எவருடையது, புகையில் நின்ற கண் எவருடையது என்று கேட்டால் அந்த அடுப்பின் அழகு கொஞ்சம் மங்கும். என்றாலும் வேன்காரரின் வயரிங்குக்கு அவர் கருத்து நன்றாகப் பொருந்துகிறது. ஸ்டீரியோ மறைத்த பின்புலத்தை வேன்காரர் இழுத்து வெளியே போட்டிருக்கிறார். எத்தனை ஆம்பியர், எங்கிருந்து, எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குத் தெரிந்தது மின்சாரம். இசை இன்னும் அந்தப் பக்கத்தில்தான், யாரோ எங்கோ வாசித்த ஒன்றாக இருக்கிறது. மீட்டர் பார்ப்பதும் பாடுவதும் ஒன்றாகிவிடாது.

இங்கே ஆமிஷ்காரர்களிடம் திரும்பிப் போக வேண்டும், ஏனென்றால் அவர்கள் பாடுகிறார்கள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, கோயில் கட்டடம் எதுவும் இல்லாமல், இருபத்தைந்து முப்பது குடும்பங்கள் முறை வைத்து யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறார்கள். கையில் இருக்கும் பாட்டுப் புத்தகத்தின் பெயர் ஆவுஸ்புண்ட். நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிப்பு 1564ஐச் சேர்ந்தது. அதன் மூலப் பாடல்கள் பல, 1530களில் பஸ்ஸாவ் கோட்டைச் சிறையில் அடைபட்ட, ஆமிஷ்காரர்களின் முன்னோடிகளான அனபாப்டிஸ்ட்டுகள் எழுதியவை. புத்தகத்தில் ராகக் குறிப்பு கிடையாது. மெட்டு காது வழியாகவே நூற்றாண்டுகளாக வந்திருக்கிறது. வாத்தியம் இல்லை, குரல் பிரித்துப் பாடுவதில்லை, எல்லோரும் ஒரே குரலாக, மிக மெதுவாக. ஒவ்வொரு வழிபாட்டிலும் இரண்டாவதாகப் பாடும் துதிப்பாட்டு நான்கே சரணம்தான்; முடிய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். ஸ்டீரியோ வண்டிப் பையனும் காலையில் அந்த வரிசையில் உட்கார்ந்து பாடிவிட்டுத்தான் மாலையில் வால்யூமைத் திருகுகிறான்.

இவர்கள் ஏன் பேட்டரியை ஏற்று, மின்கம்பியை மறுத்தார்கள்? இரண்டிலும் ஓடுவது மின்சாரம்தானே என்று கேட்பது இயல்பு. வெளியூர்ப் பயணிகள் இதைப் போலித்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். உண்மை கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. 1910 வாக்கில் தொலைபேசி பற்றிய சச்சரவு உட்படச் சில காரணங்களால் லங்காஸ்டர் ஆமிஷ்காரர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து போனார்கள். அந்தக் காயம் ஆறாத நிலையில் மின்கம்பி கிராமத்தை நோக்கி வந்தது. பொதுக் கம்பியோடு வீட்டை இணைப்பது சமூகத்துக்கு நல்லதல்ல என்று 1919 வாக்கில் தலைவர்கள் முடிவெடுத்தார்கள். மின்சாரம் பாவம் என்று அவர்கள் சொல்லவில்லை. எஞ்சினைக் கிளப்பவும் டார்ச் விளக்குக்கும் பேட்டரி அப்போதே புழக்கத்தில் இருந்தது, அது தொடர்ந்தது. பெரிய இறையியல் கோட்பாடு ஒன்றை முதலில் வகுத்துவிட்டு அதிலிருந்து விதியை இறக்கினார்கள் என்று நினைக்கக் கூடாது. இருந்ததை இருக்கவிட்டு, வந்ததை நிறுத்தினார்கள். பொருத்தமான காரணம் பிறகு தெளிவானது.

அந்தக் காரணம் நல்ல காரணம்தான். கம்பி என்பது வீட்டுக்கும் வெளியுலகுக்கும் நடுவே எப்போதும் திறந்திருக்கும் வழி. இன்று விளக்கு, நாளை ரேடியோ, மறுநாள் டிவி. ஒவ்வொன்றுக்கும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை, பிளக்கைச் செருகினால் போதும். பேட்டரியைத் தூக்கி வர வேண்டும், நிரப்ப வேண்டும், தீரும்போது தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன முடிவு நடுவில் நிற்கிறது. ஆமிஷ் வாழ்க்கையை நெருக்கமாக ஆராய்ந்த எலிசபெத்டவுன் கல்லூரியின் டொனால்ட் கிரேபில், இந்தச் சமூகம் நவீனத்தோடு பேரம் பேசிப் பேசித்தான் வாழ்கிறது என்று விரிவாகக் காட்டியிருக்கிறார்.

1960களின் பிற்பகுதியில் நடந்த பால் பேரத்தைப் பாருங்கள். பெரிய குளிர்தொட்டியில் பால் வைத்தால்தான் வாங்குவோம் என்றன நிறுவனங்கள். தொட்டிக்குள் பாலைக் கலக்கிக்கொண்டே இருக்க மோட்டார் வேண்டும். பிஷப்புகள் உட்கார்ந்து பேசினார்கள். குளிரூட்டலுக்கு டீசல் எஞ்சின், கலக்குவதற்கு 12 வோல்ட் பேட்டரி மோட்டார், ஞாயிற்றுக்கிழமை பால் எடுக்க லாரி வரக் கூடாது. நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. வேனில் இரண்டாவது பேட்டரி வைப்பவர் செய்வதும் ஒருவகையில் இதுவே. எதை எதனோடு இணைப்பது, எதைப் பிரித்தே வைப்பது என்ற முடிவு. வித்தியாசம், அந்த முடிவை அங்கே ஒரு சபை எடுத்தது.

இனி அந்தப் பையன். பதினாறு வயதிலிருந்து ஞானஸ்நானம் பெறும்வரை உள்ள காலத்தை அவர்கள் ரும்ஸ்பிரிங்கா என்கிறார்கள். அந்த இடைவெளியில் அவன் சபையின் உறுப்பினன் அல்ல. சபையின் எழுதப்படாத விதிகள் அவனை முழுமையாகக் கட்டாது. ஸ்டீரியோவைப் பெற்றோர் விரும்ப மாட்டார்கள், ஆனால் பல வீடுகளில் கண்டுகொள்ளாமல் இருந்துவிடுவார்கள். இதை வெறும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டால் ஆமிஷ் நம்பிக்கையின் அடித்தளமே நழுவிவிடும். அனபாப்டிஸ்ட் இயக்கம் 1525இல் சூரிக்கில் தொடங்கியபோது அதன் மையக் கோரிக்கை ஒன்றுதான்: குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பது ஞானஸ்நானம் ஆகாது, வளர்ந்தவர் தானாக விரும்பிக் கேட்க வேண்டும். அதற்காக ஃபெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். அந்த மரபில் வந்தவர்களுக்கு, தானாக ஏற்காத கட்டுப்பாடு கட்டுப்பாடே அல்ல. ஸ்டீரியோவைக் கழற்றி வைக்கும் உரிமை ஒருவனுக்கு வர வேண்டுமென்றால், பொருத்தும் வாய்ப்பும் இருந்திருக்க வேண்டும்.

அந்தத் தேர்வு எவ்வளவு சுதந்திரமானது என்று கேட்பவர்களுக்கும் இடம் உண்டு. எட்டாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடுகிறது. அதற்குமேல் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விஸ்கான்சின் வழக்கில் ஆமிஷ் பெற்றோருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஒரு பகுதியில் மாறுபட்டார். பெற்றோரின் உரிமையைப் பேசுகிறோம், பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்டோமா என்பது அவர் கேள்வி. ஞானஸ்நானம் பெறாமலே விலகிப் போகிறவனை ஒதுக்கிவைப்பதில்லை. பெற்றபின் விலகினால் சமூக விலக்கு வரும். பிள்ளைகளில் பெரும்பான்மையோர், ஏறத்தாழ 85 சதவீதத்துக்கும் மேல், உள்ளேயே தங்கிவிடுகிறார்கள். ஆமிஷ் மக்கள்தொகை 2024 வாக்கில் 4 லட்சத்தை எட்டியது. இத்தனை பேர் விரும்பித் தங்கினார்களா, வேறு வழி தெரியாமல் தங்கினார்களா என்பதை ஒரு சதவீதத்தை வைத்து யாரும் தீர்க்க முடியாது. இரண்டும் கலந்துதான் இருக்கும். எந்த ஊரில்தான் இல்லை?

பேட்டரியை வேறொரு கணக்கில் பார்க்கும் ஊரும் இருக்கிறது. இஸ்ரேலின் ப்னே ப்ராக் நகரில் வாழ்ந்த ‘ஹசோன் இஷ்’ என்று புகழ்பெற்ற ரப்பி அவ்ராஹம் யெஷாயா கரேலிட்ஸ், மின்சுற்றை மூடுவதே யூதர்களின் ஓய்வுநாளில் விலக்கப்பட்ட ‘கட்டுதல்’ என்ற வேலையைச் சேர்ந்தது என்றார். ஜெருசலேமின் ரப்பி ஷ்லோமோ சல்மான் அவுவர்பாக் அதை ஏற்கவில்லை. சுற்றை மூடுவதில் அப்படி மூல விலக்கு எதுவுமில்லை, வழக்கத்தால்தான் தவிர்க்கிறோம் என்று வாதாடினார். ஆனால் ஹசோன் இஷ் இன்னொன்றும் சொன்னார்: ஓய்வுநாளில் மின்நிலையத்தில் யூதர் ஒருவர் வேலை செய்து அனுப்பும் மின்சாரத்தை அனுபவிக்கக் கூடாது. அவரைப் பின்பற்றும் குடும்பங்கள் தனி ஜெனரேட்டர்களையும் பேட்டரிகளையும் வைத்துக்கொண்டன. அண்மை ஆண்டுகளில் அந்த நகரில் பெரிய மின்சேமிப்பு நிலையம் வரை விஷயம் வளர்ந்திருக்கிறது. ஆமிஷ்காரரின் பேட்டரி உலகத்தை வெளியே நிறுத்துகிறது. ப்னே ப்ராக்காரரின் பேட்டரி இன்னொருவரின் உழைப்பை நினைவில் வைக்கிறது. வேன்காரரின் பேட்டரிக்கு இப்படி எந்த அர்த்தமும் யாரும் கொடுக்கவில்லை. அது வெறும் கொள்ளளவு.

வெறும் கொள்ளளவு என்றால் அதைப் பெருக்கலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி வந்தபின் பெருக்குவது சுலபம். ஈய பேட்டரி 25, 30 கிலோ இருந்த இடத்தில் அதே 100 ஆம்பியர் மணிக்கு இது 12, 13 கிலோ. ஈயத்தில் பாதிதான் எடுக்கலாம். இதில் 80, 90 சதவீதம் வரை எடுக்கலாம். ஆயிரக்கணக்கான தடவை நிரப்பி இறக்கலாம். கூரையில் சோலார் பலகை சேர்த்தால் கேட்கவே வேண்டாம். நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் நீராவி எஞ்சின் வந்தால் மொத்த நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எழுதினார். வேன்களில் அது அப்படியே நடக்கிறது. ஸ்டீரியோவுக்காகத் தொடங்கிய வயரிங் பெரிய ஆம்ப்ளிஃபயர், இன்வெர்ட்டர், மின் அடுப்பு என்று போய், கடைசியில் வேன் முழுக்க வீட்டைப் போலவே பிளக் பாயின்ட்டுகள் வந்துவிடுகின்றன. எதைவிட்டுப் புறப்பட்டாரோ அதையே கூரைமேல் கட்டிக்கொண்டு போகிறார்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஈய பேட்டரி தீரத் தீர விளக்கு மங்கும், பாட்டில் அடிச்சத்தம் தளரும். அது முன்கூட்டியே சொல்லிவிடும். லித்தியத்தின் மின்னழுத்தம் கிட்டத்தட்டக் கடைசிவரை 13 வோல்ட் அளவிலேயே ஏறத்தாழச் சமமாக நிற்கும். பிறகு உள்ளிருக்கும் மின்னணுக் காவலன் சட்டென்று துண்டித்துவிடும். வெளியே இழுத்துப் போட்ட பின்புலம் மறுபடி மறைந்துகொள்கிறது. ஆமிஷ் வட்டாரங்களிலும் இந்த அலை அடிக்கிறது. பேட்டரியிலிருந்து 110 வோல்ட் தரும் இன்வெர்ட்டர் கடைகளுக்குள் வந்தது. பேட்டரியை நிரப்ப சோலார் பலகை பல சமூகங்களில் ஏற்கப்பட்டுவிட்டது. கம்பி இல்லாமலே கம்பியின் வசதி எல்லாம் வருமென்றால் 1919இன் முடிவு எதைத் தடுத்தது? இதற்கு அவர்களிடம் தயாரான பதில் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும், திருவிருந்துக்கு இரண்டு வாரம் முன்பு சபை கூடும். விதிகளை எடுத்துச் சொல்வார்கள். ஒவ்வொரு உறுப்பினரும் உடன்படுகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஒற்றுமை இல்லையென்றால் திருவிருந்தே தள்ளிப்போகலாம்.

சபை இல்லாதவர் என்ன செய்வது? சமணம் இதற்கு மிகத் துல்லியமான விடை ஒன்றை வைத்திருக்கிறது. இல்லறத்தாருக்கான ஒழுக்கத்தைத் தொகுத்த சமந்தபத்திரரின் ‘ரத்தின கரண்டக சிராவகாசாரம்’ என்ற நூல், நுகர்பொருளுக்கு அளவு வைத்துக்கொள்ளும் விரதத்தைப் பேசும்போது பட்டியல் ஒன்று தருகிறது. உணவு, ஊர்தி, படுக்கை, நீராட்டு, பூ, வெற்றிலை, உடை, அணி என்று போய், வாத்திய இசையும் பாட்டும்கூட அதில் வருகின்றன. ஊர்தி, படுக்கை, இசை: கேம்பர் வேன் முழுவதும் அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகிறது! தமிழ்ச் சமணரின் ‘அருங்கலச்செப்பு’ இந்த நூலின் வழியில் குறள் வெண்பாவில் எழுந்தது. முக்கியமான விஷயம், இந்த அளவை வாழ்நாள் முழுதும் ஏற்கலாம். அல்லது இன்று மட்டும், இந்த இரவு மட்டும், ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு பருவம் என்று காலவரை வைத்தும் ஏற்கலாம். முழுத் துறவு கேட்கவில்லை. பொருள் இருக்கும்போதே, தீர்வதற்கு முன்பே, எண்ணைத் தானாகக் குறித்துவிடச் சொல்கிறது. பேட்டரி தீர்ந்ததால் நின்ற பாட்டுக்கும், பாதி மிச்சமிருக்கும்போது நிறுத்திய பாட்டுக்கும் மின்சாரக் கணக்கில் சில ஆம்பியர் மணிதான் வித்தியாசம். இரண்டாவதை மட்டுமே அந்த நூல் விரதத்தில் சேர்க்கும்.

வேன்காரர்களிடமும் இதற்கு நிகரான கருவி ஒன்று உண்டு. மின்னழுத்தம் குறித்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் ஸ்டீரியோவைத் தானாகத் துண்டிக்கும் சின்னப் பெட்டி. காலையில் தெளிந்த மனதோடு 12.2 என்று வைத்துவிட்டால், இரவில் மனம் என்ன கெஞ்சினாலும் அந்த எண்ணில் பாட்டு நிற்கும். நார்வேயின் சிந்தனையாளர் யோன் எல்ஸ்டர் 1979இல் எழுதிய புத்தகத்துக்கு இப்படிப்பட்ட முன்கட்டுப்பாடுதான் பொருள். ஹோமரின் யுலிசிஸை அவர் உதாரணமாக எடுத்தார். சைரன்களின் பாட்டைக் கேட்கவும் வேண்டும், அதில் அழியவும் கூடாது என்பதால் யுலிசிஸ் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொல்கிறான். அங்கேயும் பிரச்சினை இசைதான். அரிஸ்டாட்டில் இருந்திருந்தால் இதை முழு நற்குணம் என்று ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். ஆசையை அடக்குகிறவனையும் தவறான ஆசையே எழாதவனையும் அவர் வேறாகப் பிரித்தவர். அவர் அளவுகோல் பெரும்பாலோருக்கு எட்டாதது. கயிறு நமக்கெல்லாம் வேண்டும்.

யுலிசிஸின் கதையில் கயிற்றைவிட முக்கியமானவர்கள் மாலுமிகள். காதில் மெழுகு அடைத்துக்கொண்டு துடுப்புப் போடுகிறார்கள்; அவிழ்க்கச் சொல்லி அவன் சைகை காட்டினால் இன்னும் இறுக்கிக் கட்ட வேண்டும் என்பது உத்தரவு. இப்போது வரும் துண்டிப்புப் பெட்டிகளில் பலவற்றை புளூடூத் வழியாக மொபைலிலிருந்தே மாற்றலாம். இரவு பதினொன்றரைக்குப் பாட்டு நின்றதும், படுக்கையைவிட்டு எழாமலே 12.2ஐ 11.8 ஆக்கிவிட முடியும். அந்தச் செயலியின் கடவு எண்ணை மனைவியிடமோ கணவரிடமோ ஒப்படைத்துவிடுவது ஒரு வழி. அப்படிச் செய்தால் வேனுக்குள்ளேயே இரண்டு உறுப்பினர் கொண்ட சபை ஒன்று உருவாகிவிடுகிறது. அது ஆண்டுக்கு இரண்டு முறை கூடினால் போதாது, தினம் இரவு கூட வேண்டியிருக்கும்.